வெளிநாட்டு ஸ்போர்ட்ஸ் காரை இந்தியாவுக்கு இறக்குமதி செய்தல்

வெளிநாட்டில் தயாரான ஸ்போர்ட்ஸ் காரை முழு வண்டியாக இந்தியாவுக்குக் கொண்டுவந்து, சுங்கவரி செலுத்தி, பதிவு எண் பெற்று, காப்பீட்டுடன் சாலையில் ஓட்டுவதற்கு மூன்று வகை விதிகளுக்கு உட்பட வேண்டும். எந்த வண்டி நாட்டுக்குள் வரலாம் என்பதை மத்திய அரசின் வெளிநாட்டு வணிகக் கொள்கை தீர்மானிக்கிறது. என்ன வரி, எந்த மதிப்பின் மீது என்பதை 1962ஆம் ஆண்டின் சுங்கச் சட்டமும் அதனுடன் இணைந்த வரிச் சட்டங்களும் சொல்கின்றன. பதிவும் காப்பீடும் 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தின் கீழ் வருகின்றன.

இந்த மூன்றில் ஒன்றில் தவறினாலும் வண்டியைச் சாலையில் ஓட்ட முடியாது. அதைவிட முக்கியமானது பணக்கணக்கு. கப்பலில் இருந்து இறங்கும்போது காருக்கு இருக்கும் மதிப்பைப் போல் ஏறத்தாழ மூன்று மடங்கு செலவானால்தான் அது சுங்கத்தை விட்டு வெளியே வரும். ஆகவே முதலில் விதி, அடுத்து வரி, அதன் பிறகே விற்பனையாளருக்கு முன்பணம் என்ற வரிசையில் செல்வது நல்லது. இக்கட்டுரையில் உள்ள வரி விகிதங்கள் 2025ஆம் ஆண்டின் இறுதி நிலவரப்படி தரப்பட்டுள்ளன.

பரிசாக வந்த பெராரி

இந்தியாவில் ஸ்போர்ட்ஸ் கார் இறக்குமதி வரி பொதுமக்களிடையே பேசுபொருளானதற்குச் சச்சின் டெண்டுல்கரின் பெராரி 360 மொடேனா முதன்மையான காரணம். டெஸ்ட் போட்டிகளில் டான் பிராட்மனின் 29 சதங்களை அவர் எட்டியதைப் பாராட்டி, ஃபியட் நிறுவனம் அந்தக் காரைப் பரிசளித்தது. 2002இல் இங்கிலாந்தின் சில்வர்ஸ்டோன் பந்தயத் தளத்தில் மைக்கேல் சூமாக்கர் அதை அவரிடம் வழங்கினார்.

காரின் மதிப்பு சுமார் 75 லட்சம் ரூபாய். சுங்கவரியோ சுமார் 1.13 கோடி ரூபாய். 2003இல் மத்திய அரசு இந்த வரியைத் தள்ளுபடி செய்தது. பொதுநலனுக்கென உள்ள விலக்கு அதிகாரத்தை ஒரு தனிநபரின் காருக்குப் பயன்படுத்தலாமா என்ற கேள்வி எழுந்து, டெல்லி உயர் நீதிமன்றத்தில் பொதுநல வழக்கும் வந்தது. இறுதியில் ஃபியட் நிறுவனமே வரியைச் செலுத்தியது.

இந்த நிகழ்விலிருந்து இரண்டு செய்திகள் தெளிவாகின்றன. பரிசாக வந்தாலும் காருக்கு வரி உண்டு. அந்த வரி காரின் மதிப்பைவிட அதிகமாக இருக்கலாம்.

எந்தக் காரைக் கொண்டுவரலாம்

இறக்குமதிக் கொள்கை, புதிய வண்டி, பயன்படுத்திய வண்டி என இரண்டாகப் பிரித்துப் பார்க்கிறது. எந்த நாட்டிலும் விற்கப்படாத, குத்தகைக்கு விடப்படாத, பதிவு செய்யப்படாத வண்டியே புதியது. ஒருவர் லண்டனில் காரை வாங்கி, தம் பெயரில் பதிவு செய்து, ஒரே வாரம் ஓட்டியிருந்தாலும் அது பயன்படுத்திய கார்தான்.

பயன்படுத்திய காருக்கான முக்கிய நிபந்தனைகள் இவை:

- தயாரிக்கப்பட்டு 3 ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருக்கக் கூடாது.
- ஸ்டியரிங் வலப்பக்கம் இருக்க வேண்டும்.
- வேகமானி கிலோமீட்டரில் காட்ட வேண்டும்.
- முன்விளக்கின் ஒளி, சாலையின் இடப்பக்கம் செல்லும் போக்குவரத்துக்கு ஏற்றதாக இருக்க வேண்டும்.
- இறக்குமதியான நாளிலிருந்து குறைந்தது 5 ஆண்டுகள் ஓடும் தகுதி இருக்க வேண்டும்.
- கப்பலில் ஏற்றுவதற்கு முன்பே சோதனைச் சான்று பெற வேண்டும்.
- மும்பைத் துறைமுகம் வழியாக மட்டுமே வர வேண்டும்.

கடைசி நிபந்தனையைப் பலர் கவனிப்பதில்லை. சென்னையில் வசிப்பவர் வாங்கினாலும் பயன்படுத்திய கார் மும்பையில்தான் இறங்க வேண்டும். புதிய கார் சென்னை, எண்ணூர் உள்ளிட்ட அனுமதிக்கப்பட்ட துறைமுகங்களில் இறங்கலாம்.

ஸ்டியரிங் விதியால் அமெரிக்கா, ஜெர்மனி, துபாய் ஆகிய இடங்களில் விற்கும் கார்களில் பெரும்பாலானவை தொடக்கத்திலேயே விலக்கப்படுகின்றன. பிரிட்டன், ஜப்பான், ஆஸ்திரேலியா, சிங்கப்பூர், மலேசியா ஆகிய நாடுகளில் வலப்பக்க ஸ்டியரிங் கார்கள் கிடைக்கும்.

புதிய காரும் இந்திய மோட்டார் வாகன விதிகளுக்குப் பொருந்தியிருக்க வேண்டும். பொதுவாக ஒவ்வொரு மாதிரிக்கும் அரசு அங்கீகரித்த சோதனை நிலையத்தின் வகை ஒப்புதல் தேவை. உயர்ந்த வெளிநாட்டுத் தரங்களுக்கு உட்பட்ட வண்டிகளை ஆண்டுக்கு 2,500 வரை இந்தச் சோதனையின்றிக் கொண்டுவர, நிறுவனங்களுக்கு 2018இல் வழி செய்யப்பட்டது. குறைந்த எண்ணிக்கையில் விற்கும் ஸ்போர்ட்ஸ் கார்களை அந்தந்த நிறுவனத்தின் இந்திய விற்பனையாளர் வழியாக வாங்குவது எளிதாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

வெளிநாட்டில் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்து நிரந்தரமாகத் திரும்பி வருவோர் சொந்தக் காரைக் கொண்டுவரத் தனி விதிகள் உள்ளன. அவை இறக்குமதி நிபந்தனைகளைச் சற்றுத் தளர்த்துமே தவிர, சுங்கவரியை நீக்குவதில்லை.

சுங்க மதிப்பு

வரி கணக்கிடப்படுவது காரின் கடை விலையின் மீது மட்டும் அன்று. காரின் விலை, கப்பல் கட்டணம், வழிக் காப்பீடு ஆகிய மூன்றும் சேர்ந்ததே சுங்க மதிப்பு. கப்பல் கட்டணத்துக்கு ஆதாரம் இல்லையென்றால், ஏற்றுமதித் துறைமுகத்தில் கப்பலில் ஏற்றப்பட்ட நிலையில் உள்ள விலையில் 20 விழுக்காட்டைச் சுங்கத்துறை சேர்த்துக்கொள்ளும். காப்பீட்டுக்கு ஆதாரம் இல்லையென்றால் 1.125 விழுக்காடு சேர்க்கப்படும். உண்மையான கப்பல் கட்டணம் இதைவிடக் குறைவாக இருக்கக்கூடும். எனவே ரசீதைப் பத்திரப்படுத்துவதால் வரி குறையும்.

விலைப்பட்டியலில் காட்டிய தொகையைச் சுங்க அதிகாரி அப்படியே ஏற்க வேண்டும் என்பதில்லை. நம்பத் தகுந்ததாக இல்லையெனில் தயாரிப்பாளரின் விலை, கூடுதல் வசதிகள், தயாரிப்பு ஆண்டு ஆகியவற்றைக் கொண்டு மதிப்பை மாற்றி நிர்ணயிப்பார்.

வரிக் கணக்கு

சுங்க மதிப்பு 40,000 அமெரிக்க டாலருக்கு மேற்பட்ட புதிய கார்களுக்கு அடிப்படைச் சுங்கவரி 70 விழுக்காடு. அதோடு வேளாண் உள்கட்டமைப்பு மற்றும் மேம்பாட்டுத் தீர்வை 40 விழுக்காடு. 2025ஆம் ஆண்டு வரவுசெலவுத் திட்டத்தில் அடிப்படை வரி 100இலிருந்து 70 ஆகக் குறைந்தபோது, கார்களின் விலை இறங்கும் எனப் பலர் எதிர்பார்த்தனர். ஆனால் முன்பு 100 விழுக்காட்டு வரியும் அதன் மீது 10 விழுக்காட்டுச் சமூக நலக் கூடுதல் கட்டணமும் சேர்ந்து 110 ஆக இருந்தது. இப்போது 70உம் 40உம் சேர்ந்து அதே 110 ஆகிறது.

இதற்கு மேல் ஒருங்கிணைந்த சரக்கு மற்றும் சேவை வரி உண்டு. 2025 செப்டம்பர் 22 முதல் பெரிய கார்களுக்கு இது 40 விழுக்காடு. அதற்கு முன் 28 விழுக்காட்டு வரியோடு இழப்பீட்டுத் தீர்வையும் தனியாக வசூலிக்கப்பட்டது. இந்த வரி, சுங்கவரியும் சேர்ந்த தொகையின் மீது விதிக்கப்படுகிறது. வரியின் மேல் வரி ஏறுவது இங்குதான்.

சுங்க மதிப்பு 1 கோடி ரூபாய் எனக் கொண்டால் கணக்கு பின்வருமாறு அமையும்:

- சுங்க மதிப்பு: 1,00,00,000
- அடிப்படைச் சுங்கவரி 70%: 70,00,000
- வேளாண் உள்கட்டமைப்புத் தீர்வை 40%: 40,00,000
- கூட்டுத்தொகை: 2,10,00,000
- ஒருங்கிணைந்த சரக்கு மற்றும் சேவை வரி 40%: 84,00,000
- மொத்தம்: 2,94,00,000

110உம் 40உம் சேர்த்தால் 150 விழுக்காடுதானே என்று எண்ணுவது பொதுவான பிழை. இரண்டாவது வரி 2.10 கோடியின் மீது வருவதால் உண்மையான சுமை 194 விழுக்காடு. பயன்படுத்திய காருக்குச் சுங்கவரி இதைவிடவும் கூடுதல்.

ரூபாய் மதிப்பு, பேரம் பேசிய நாளின் மாற்று விகிதத்தில் கணக்கிடப்படுவதில்லை. இறக்குமதிப் பதிவுச் சீட்டுத் தாக்கல் செய்யும்போது நடப்பில் உள்ள, சுங்கத்துறை அறிவித்த விகிதமே எடுத்துக்கொள்ளப்படும். இடையில் ரூபாய் சரிந்தால் காரின் விலையோடு வரியும் உயரும்.

2025 ஜூலை 24இல் கையெழுத்தான இந்தியா–பிரிட்டன் வணிக ஒப்பந்தம், குறிப்பிட்ட எண்ணிக்கையிலான பிரிட்டன் கார்களுக்குச் சுங்கவரியைப் படிப்படியாக 10 விழுக்காடு வரை குறைக்க வகை செய்கிறது. இது எண்ணிக்கை வரம்புக்கு உட்பட்ட சலுகை. பிரிட்டனிலிருந்து வரும் எல்லாக் கார்களுக்கும் பொருந்தாது.

கடல்வழிக் காப்பீடும் துறைமுகமும்

கார் கொள்கலனில் வைத்துப் பூட்டப்பட்டோ, வண்டிகளை நேரடியாக ஓட்டி ஏற்றும் கப்பலிலோ வரும். தரை தாழ்ந்த ஸ்போர்ட்ஸ் காருக்குக் கொள்கலன் பாதுகாப்பானது.

கடல்வழிக் காப்பீட்டில் பொதுவாக ஏ, பி, சி என மூன்று வகை விதித்தொகுப்புகள் உள்ளன. சி வகை, கப்பல் மூழ்குதல், தீ போன்ற பெரிய விபத்துகளுக்கே பொருந்தும். கீறல், நசுங்கல், திருட்டு ஆகியவற்றுக்கும் இழப்பீடு வேண்டுமானால் விரிவான ஏ வகையே ஏற்றது. சுங்க மதிப்புடன் 10 விழுக்காடு சேர்த்துக் காப்பீடு செய்வது வழக்கம். செலுத்திய சுங்கவரிக்கும் தனியாகக் காப்பீடு எடுக்கலாம். மேற்கண்ட கணக்கில் வரி மட்டும் 1.94 கோடி என்பதை நினைவில் கொண்டால் இதன் தேவை விளங்கும்.

கப்பல் வந்து சேரும் நாளுக்கு முந்தைய நாளுக்குள் இறக்குமதிப் பதிவுச் சீட்டைத் தாக்கல் செய்ய வேண்டும். தாமதமானால் முதல் மூன்று நாள்களுக்கு நாளொன்றுக்கு 5,000 ரூபாயும், அதன் பின் நாளொன்றுக்கு 10,000 ரூபாயும் கட்டணம் உண்டு. மதிப்பீடு முடிந்தும் வரி கட்டாமல் இருந்தால் ஆண்டுக்கு 15 விழுக்காடு வட்டி ஏறும். துறைமுகத்தின் தாமதக் கட்டணம் வேறு.

பதிவும் வாழ்நாள் வரியும்

சுங்கத்தைத் தாண்டிய காரை வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் பதிவு செய்ய வேண்டும். வண்டியைப் பெற்ற 7 நாள்களுக்குள் படிவம் 20இல் விண்ணப்பிப்பது விதி. விலைப்பட்டியல், சுங்கம் விடுவித்த சான்று, காப்பீட்டுச் சான்று ஆகியவை தேவை. இயந்திர எண்ணும் சேசிஸ் எண்ணும் எல்லா ஆவணங்களிலும் எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்க வேண்டும்.

தமிழ்நாட்டில் 2023 நவம்பர் முதல் 20 லட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட புதிய கார்களுக்கு வாழ்நாள் வரி 20 விழுக்காடு. மேலே கண்ட 2.94 கோடி ரூபாய் முழுவதன் மீதும் கணக்கிட்டால் இது 58.80 லட்சம் ரூபாய் ஆகும். அப்போது மொத்தச் செலவு 3.52 கோடியைத் தாண்டும்.

முன்பு தமிழ்நாட்டில் 1990ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி நுழைவு வரியும் இருந்தது. வெளிநாட்டிலிருந்து வந்த கார்களுக்கு அது பொருந்தாது என்று உரிமையாளர்கள் பலர் வழக்குத் தொடுத்தனர். இறக்குமதிப் பொருள்களுக்கும் மாநிலங்கள் நுழைவு வரி விதிக்கலாம் என 2017 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதற்குள் 2017 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த சரக்கு மற்றும் சேவை வரி நுழைவு வரியின் இடத்தைப் பிடித்துவிட்டது. பழைய பாக்கிகள் மட்டும் தொடர்ந்தன.

மோட்டார் காப்பீடு

மூன்றாம் நபர் காப்பீடு சட்டப்படி கட்டாயம். புதிய கார்களுக்கு 2018 செப்டம்பர் முதல் இது 3 ஆண்டுகளுக்குச் சேர்த்தே எடுக்கப்படுகிறது. 1,500 சி.சி.க்கு மேற்பட்ட புதிய கார்களுக்கு 2022இல் அறிவிக்கப்பட்ட மூன்றாண்டுக் கட்டணம் வரி நீங்கலாக 24,596 ரூபாய். இதில் சாதாரணக் காருக்கும் பெராரிக்கும் வேறுபாடு இல்லை.

வேறுபாடு சொந்தச் சேதக் காப்பீட்டில்தான் வருகிறது. அதில் நான்கு செய்திகள் கவனிக்க வேண்டியவை.

முதலாவது, காப்பீட்டு மதிப்பு. கார் திருடுபோனாலோ முற்றிலும் அழிந்தாலோ கிடைக்கும் தொகை இதுவே. செலுத்திய வரிகளையும் சேர்த்து மதிப்பு எழுதப்பட்டுள்ளதா என்று பார்க்க வேண்டும். கட்டணத்தைக் குறைக்கச் சுங்க மதிப்பான 1 கோடிக்கு மட்டும் காப்பீடு செய்தால், கார் திருடுபோகும் நாளில் 1.94 கோடி ரூபாய் வரி முழுவதும் உரிமையாளரின் நட்டம்.

இரண்டாவது, தேய்மானக் கழிவு. பழுதுபார்க்கும்போது ரப்பர், பிளாஸ்டிக் பாகங்களுக்கு 50 விழுக்காடும், கண்ணாடியிழைப் பாகங்களுக்கு 30 விழுக்காடும் கழிக்கப்படும். தேய்மானமில்லாக் கூடுதல் பாதுகாப்பு எடுத்தால் இந்தக் கழிவு நீங்கும்.

மூன்றாவது, மழைநீர். தரை தாழ்ந்த காரின் இயந்திரத்துள் தண்ணீர் புகுந்து, அதன் பின் இயக்க முயன்றதால் நேரும் பழுது சாதாரணக் காப்பீட்டில் பெரும்பாலும் மறுக்கப்படும். சென்னை போன்ற நகரத்தில் இயந்திரப் பாதுகாப்புக் கூடுதல் உறை அவசியம்.

நான்காவது, பந்தயத் தளம். இருங்காட்டுக்கோட்டையிலோ கோவை கரி மோட்டார் ஸ்பீட்வேயிலோ பந்தயத்திலும் வேகச் சோதனையிலும் ஓட்டும்போது நேரும் சேதத்துக்குச் சாதாரண மோட்டார் காப்பீடு பொருந்தாது.

தற்காலிகமாகக் கொண்டுவருதல்

சுற்றுப்பயணமாக வருவோர், கார்னே எனப்படும் சுங்க ஆவணத்தின் பேரில் வரி கட்டாமல் பொதுவாக 6 மாதம் வரை காரை வைத்திருக்கலாம். குறித்த காலத்துக்குள் கார் நாட்டை விட்டு வெளியேற வேண்டும். அதை இந்தியாவில் விற்க முடியாது.

வரி ஏய்ப்பும் பின்னால் வாங்குபவரும்

வரி இவ்வளவு அதிகமாக இருப்பதால் ஏய்ப்பும் பல வழிகளில் நடக்கிறது. போலி முகவரி காட்டி, வரி குறைந்த புதுச்சேரியில் சொகுசுக் கார்களைப் பதிவு செய்தது தொடர்பாக 2017இல் கேரளத்தில் வழக்குகள் பதிவாகின. பூட்டான் வழியாகப் பயன்படுத்திய சொகுசுக் கார்கள் கடத்தப்பட்டதாக 2025 செப்டம்பரில் சுங்கத்துறை கேரளத்தில் பரவலாகச் சோதனை நடத்திக் கார்களைப் பறிமுதல் செய்தது.

இத்தகைய காரை விவரம் அறியாமல் பின்னால் வாங்குபவர் நிலை என்ன? ஒரு போர்ஷே கரேரா கார் தொடர்பான வழக்கில் 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் இதற்கு விடை அளித்தது. வேறொருவர் இறக்குமதி செய்த காரைப் பின்னர் விலைக்கு வாங்கியவர் சுங்கச் சட்டத்தின் பொருளில் இறக்குமதியாளர் ஆகமாட்டார். எனவே அவரிடம் அந்த வரியைக் கேட்க முடியாது என்பது தீர்ப்பு. எனினும் கார் பறிமுதலாகி, வழக்குப் பல ஆண்டுகள் நீண்ட பிறகே இந்த நிவாரணம் கிடைத்தது.

ஆகவே இந்தியாவிலேயே பழைய வெளிநாட்டுக் காரை வாங்குவோரும் பதிவுச் சான்றுடன் நின்றுவிடாமல், இறக்குமதிப் பதிவுச் சீட்டையும் வரி செலுத்திய ரசீதையும் கேட்டுப் பெற வேண்டும். அவற்றில் உள்ள தயாரிப்பு ஆண்டையும் சேசிஸ் எண்ணையும் வண்டியில் பொறித்துள்ளவற்றோடு ஒப்பிட வேண்டும். விற்பவரிடம் அந்தத் தாள்கள் இல்லையென்றால், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் அந்தக் காரை வாங்காமல் விடுவதே பாதுகாப்பு.