டோடோவின் தீவில் ஆமைகள் வளர்க்கும் காடு

மொரீசியஸ் என்றாலே சுற்றுலா விளம்பரங்கள் வெண்மணல் கடற்கரையைத்தான் காட்டுகின்றன. ஏறத்தாழ 2,040 சதுர கிலோமீட்டர் பரப்பே உள்ள அந்த நாட்டில் அதைவிடப் பார்க்கத் தகுந்த ஒன்று உண்டு: அழிந்த காட்டை மீட்க அங்கு நடக்கும் அறிவியல் முயற்சி. எரிமலையால் கடலுக்கு நடுவே எழுந்த அந்தத் தீவு எந்தக் கண்டத்தோடும் ஒட்டியிருந்ததில்லை. பறந்தும் மிதந்தும் கரைசேர்ந்த உயிர்களே அங்கு பெருகின. வௌவாலைத் தவிர நிலவாழ் பாலூட்டி எதுவும் இல்லாததால், மற்ற நாடுகளில் மானும் குரங்கும் செய்யும் வேலையை அங்கு பறவைகளும் ராட்சத ஆமைகளும் செய்தன. 1598இல் டச்சுக்காரர்கள் வந்திறங்கினார்கள். கப்பல்களோடு வந்த எலி, பன்றி, குரங்கு ஆகியவை முட்டைகளைத் தின்றன; கப்பலோட்டிகள் இறைச்சிக்காக ஆமைகளை உயிரோடு ஏற்றிப் போனார்கள். நூறாண்டுக்குள் டோடோ பறவை மறைந்தது. அடுத்த நூற்றாண்டில் ஆமைகளும் மறைந்தன.

காட்டை அதிகம் விழுங்கியது கரும்பு. பிரிட்டிஷ் ஆட்சியில் கரும்புத் தோட்டங்கள் பெருகப் பெருக மரங்கள் வீழ்ந்தன. இன்று தரமான இயற்கைக் காடு நிலப்பரப்பில் 2 சதவீதத்துக்கும் குறைவு. அதே கரும்புதான் மக்களையும் அங்கு கொண்டுவந்தது. அடிமை முறை ஒழிப்பை ஒட்டி, 1834 முதல் ஏறக்குறைய 5 லட்சம் இந்தியர்கள் ஒப்பந்தக் கூலிகளாக வந்திறங்கினார்கள். சென்னை மாகாணத்துத் தமிழர்களும் அவர்களில் உண்டு. அவர்கள் இறங்கிய போர்ட் லூயிஸ் துறைமுகத்தின் ஆப்ரவாசி காட் 2006இலும், தப்பிய அடிமைகள் ஒளிந்திருந்த லே மோர்ன் மலை 2008இலும் உலக மரபுச் சின்னங்களாயின. தைப்பூசத்துக்கு அரசு விடுமுறை, ரூபாய் நோட்டில் தமிழ் எழுத்து, கிரியோல் மக்களின் செகா இசை எல்லாம் அந்த வரலாற்றின் விளைவுகளே. எனவே தீவின் இயற்கையையும் பண்பாட்டையும் தனித்தனிக் காட்சிகளாகப் பிரித்துப் பார்த்தால் இரண்டுமே பாதிதான் புரியும்.

மீட்பு முயற்சிக்குச் சிறந்த சான்று, தென்கிழக்குக் கரையை ஒட்டிய ஈல் ஓ எக்ரெத் என்ற சிறு பவளத் தீவு. அங்குள்ள கருங்காலி இன மரங்களில் பெரும்பாலானவற்றை விறகுக்கு வெட்டியிருந்தார்கள். எஞ்சிய மரங்களின் பெரிய பழங்கள் மரத்தடியிலேயே விழுந்து கிடந்தன. அவற்றை விழுங்கி விதைகளை வேறிடம் சேர்க்க எந்த விலங்கும் இல்லை. 2000ஆம் ஆண்டு, அழிந்துபோன ஆமைகளுக்கு மாற்றாக, சீஷெல்ஸ் நாட்டின் அல்தாப்ரா தீவுக்குரிய ராட்சத ஆமைகளை அங்கு விட்டார்கள். அவை பழங்களைத் தின்று நடந்து திரிந்தன. மரங்கள் வெட்டப்பட்டு வெறுமையாகக் கிடந்த பகுதிகளில் கன்றுகள் முளைத்தன. ஆமையின் குடல் வழியே வந்த விதைகள் மற்றவற்றைவிட நன்றாக முளைப்பதும் சோதனையில் தெரிந்தது. 1977இல் இதே நாட்டைப் பற்றி வேறொரு கருத்து உலகெங்கும் பரவியது: தம்பலக்கோக் மரத்தின் விதை டோடோவின் வயிற்றில் புகுந்து வந்தால்தான் முளைக்கும் என்பது அது. வான்கோழிகளுக்கு ஊட்டிய 17 விதைகளில் மூன்று முளைத்ததே அதற்கு ஆதாரம். ஊட்டாத விதைகளோடு ஒப்பிட்டுப் பார்க்காததால் அது பின்னாளில் நிலைக்கவில்லை. ஆமைச் சோதனையில் அந்த ஒப்பீடு இருந்தது.

எலியும் குரங்கும் வெளியிலிருந்து வந்துதானே தீவைக் கெடுத்தன, இன்னொரு வெளியூர் விலங்கை ஏன் கொண்டுவர வேண்டும் என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் எலி கட்டுக்கடங்காமல் பெருகும், ஒளிந்துகொள்ளும். ராட்சத ஆமையோ மெதுவாக இனம் பெருக்குவது, கண்ணுக்கு எளிதில் படுவது. தீங்கு தெரிந்தால் எண்ணிப் பிடித்து அகற்றிவிடலாம். எங்கிருந்து வந்தது என்பதைவிட, வந்த இடத்தில் என்ன செய்கிறது, தவறினால் திருத்த முடியுமா என்பவையே சரியான அளவுகோல்கள்.

ஒரு சில உயிரினங்களுக்காக இத்தனை செலவா என்பது இன்னொரு ஆட்சேபம். பலனைப் பாருங்கள். 1974இல் மொரீசியஸ் வல்லூறு காட்டில் நான்கே நான்குதான் எஞ்சியிருந்தது. உயிரியலாளர் கார்ல் ஜோன்ஸின் குழுவினர் கூட்டிலிருந்து முதல் முட்டைகளை எடுத்து அடைகாப்புக் கருவியில் பொரிக்க வைத்தார்கள். தாய்ப்பறவை மறுபடி முட்டையிட்டது. இன்று அந்த இனம் சில நூறாக உயர்ந்திருக்கிறது. ஏறக்குறைய பத்தாகக் குறைந்திருந்த இளஞ்சிவப்புப் புறாவும் நானூறைத் தாண்டியது. எலிக் கட்டுப்பாடும் துணை உணவும் தொடர்ந்து தேவைப்படுவது உண்மை. 2020இல் வகாஷியோ கப்பலிலிருந்து கசிந்த எண்ணெய் ஈல் ஓ எக்ரெத் கரைவரை வந்ததையும் மறக்க முடியாது. ஆனால் இந்தப் பறவைகளுக்கு உலகில் வேறு தாயகம் இல்லை. கைவிட்டால் டோடோவின் கதிதான்.

மொரீசியஸ் போகிறவர்கள் கடற்கரைக்கு ஒதுக்கும் நாட்களில் ஒன்றை ஆப்ரவாசி காட்டுக்கும், இன்னொன்றை ஈல் ஓ எக்ரெத்துக்கும் கொடுங்கள். வழிகாட்டியோடு அந்தச் சிறு தீவைப் பார்க்க நீங்கள் கட்டும் கட்டணம் பாதுகாப்புப் பணிக்கே உதவுகிறது.