வீட்டுச் சுண்டெலியா, வயல் சுண்டெலியா? கெடாவின் அரிய பதிவு

பாடாங் செராய்: செம்பனைத் தோட்டத்தில் எலி மருந்து வைப்பவர்களிடம் கேட்டால், குலையைக் கடிக்கும் எலி வேறு, லயத்து அடுப்படியில் ஓடும் சுண்டெலி வேறு என்பார்கள். அந்தச் சுண்டெலியைப் போலவே தோற்றமுள்ள இன்னொரு இனம் கெடாவில் பதிவாகியிருப்பது பலருக்குத் தெரியாது.

அதன் அறிவியல் பெயர் மஸ் கரோலி. ஜப்பானின் ஒக்கினாவா தீவில் கிடைத்ததை வைத்து 1902இல் பொன்ஹோட் என்பவர் இதை விவரித்தார். தாய்லாந்து, கம்போடியா, வியட்நாம் நெல்வயல்களில் இது சர்வசாதாரணம். வரப்பில் வளை தோண்டி வாழும். உலக அளவில் அழியும் நிலையிலும் இல்லை. நம் நாட்டில்தான் அரிது. இங்கு மனிதர் வழியாக வந்து சேர்ந்திருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் கருத்து.

“நான் பார்த்தேன்” என்பது ஏன் போதாது? முதல் அடையாளம் வால். வயல் சுண்டெலியின் வால் மேலே கறுத்தும் அடியில் வெளுத்தும், கோடு கிழித்தாற்போல் இரு நிறமாக இருக்கும். வீட்டுச் சுண்டெலிக்கு ஏறக்குறைய ஒரே நிறம். ஆனால் தாய்லாந்து வயல்களில் இரு நிற வாலுடன் மூன்றாவது இனமும் உண்டு. அதன் வால் உடலைவிடக் குட்டை. ஆகவே வாட்ஸ்அப்பில் வரும் மங்கலான படம் எதையும் தீர்க்காது. உடலையும் வாலையும் அளக்க வேண்டும், மண்டையோட்டையும் பற்களையும் ஒப்பிட வேண்டும், மரபணுவைச் சோதிக்க வேண்டும். பிடித்த இடமும் தேதியும் எழுதிய சீட்டோடு உடல் அருங்காட்சியகத்தில் இருந்தால்தான் இன்னொருவர் மறுபடி சரிபார்க்க முடியும். சீட்டு தொலைந்தால் எலி இருந்தும் பயனில்லை!

மருந்து தின்று புதரில் அழுகும் எலியோ எந்தக் கணக்கிலும் வருவதில்லை. தோட்டத்தில் இந்த இனம் இருந்தாலும் இப்படித்தான் தெரியாமலே போகும்.

பாடாங் செராய் வட்டாரத்தில் தேடுவதென்றால் செம்பனை வரிசைகளின் நடுவே தேடிப் பயனில்லை. வயலோரம், புல் மண்டிய வரப்பு, கால்வாய்க்கரை ஆகியவையே பார்க்க வேண்டிய இடங்கள்.

ஆர்வத்தில் வெறுங்கையால் தொட்டுவிடக் கூடாது, பிள்ளைகளையும் தொட விடக் கூடாது. எலிச் சிறுநீர் வழியே பரவும் லெப்டோஸ்பிரோசிஸ் 2010 முதல் மலேசியாவில் கட்டாயம் புகார் செய்யப்பட வேண்டிய நோய். இரு நிற வாலுள்ள சுண்டெலி தென்பட்டால், பக்கத்தில் அடிக்கோல் வைத்துப் படமெடுத்து, இடத்தையும் தேதியையும் குறித்து, வனவிலங்கு இலாகாவான பெர்ஹிலித்தானிடம் தெரிவிக்கலாம்.