பழைய அம்பாசிடர் திணறித் திணறி ஓடுதா? கார்புரேட்டரைக் கழற்றும் முன் இதைப் படிங்க!

காலையில் ஸ்டார்ட் ஆகிறது. ஆனால் வடசேரி நெரிசலில் நின்றால் குலுங்குகிறது. பேச்சிப்பாறை பக்கம் ஏற்றத்தில் இழுவை இல்லை. ஆக்சிலரேட்டரை மிதித்தால் ‘பட் பட்’ என்று சத்தம். பழைய அம்பாசிடரோ பத்மினியோ வைத்திருப்பவர்கள் மெக்கானிக்கிடம் சொல்வது பெரும்பாலும் ஒரே வரிதான்: “வண்டி மிஸ்ஸிங் அடிக்குது.”

உடனே பலரும் கை வைப்பது கார்புரேட்டரில். சிலர் நேராக இன்ஜினையே இறக்கச் சொல்லிவிடுகிறார்கள். ஆனால் கோளாறு பல நேரம் சில நூறு ரூபாய் பாகத்தில்தான் இருக்கும். அதைக் கண்டுபிடிக்க ஒரு வரிசை இருக்கிறது. அது என்ன? பார்க்கலாம்.

முதலில், இது என்ன மாதிரி இன்ஜின்?

இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு காரை அடிப்படையாகக் கொண்டு, ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் 1958-ல் அம்பாசிடரைக் கொண்டு வந்தது. மேற்கு வங்கத்தின் உத்தர்பாராவில் 2014 வரை உற்பத்தி நடந்தது. பல ஆண்டுகள் அதில் இருந்தது 1,489 சிசி பெட்ரோல் இன்ஜின். நான்கு சிலிண்டர்; தீப்பொறி போகும் வரிசை 1-3-4-2.

இதில் கம்ப்யூட்டர் கிடையாது, சென்சார் கிடையாது. பெட்ரோலும் காற்றும் கார்புரேட்டரில் கலக்கும். பாயிண்ட், கண்டன்சர், காயில், டிஸ்ட்ரிபியூட்டர் சேர்ந்து தீப்பொறி தரும். அதனால் ஸ்கேனர் வைத்துப் பார்க்க முடியாது. காதும் கண்ணும் மூக்கும்தான் ஸ்கேனர்!

முதல் வேலை: முகர்ந்து பாருங்கள்

போனட்டைத் திறந்ததும் பெட்ரோல் வாடை அடிக்கிறதா? அப்படியென்றால் மற்ற எந்தச் சோதனையும் வேண்டாம். ஹோஸ், பெட்ரோல் பம்ப், கார்புரேட்டர் என ஒவ்வொன்றிலும் ஈரக்கசிவு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சூடான இன்ஜின் மேல் ஒழுகும் பெட்ரோல் தீப்பிடிக்க ஒரு பொறி போதும்.

அடுத்து, ஆயில் குச்சியை எடுத்து முகருங்கள். அதில் பெட்ரோல் வாடை வந்தால், பம்ப்புக்குள் இருக்கும் டயஃப்ரம் கிழிந்து பெட்ரோல் ஆயிலோடு கலந்திருக்கலாம். ஆயில் நீர்த்துப்போனால் பேரிங் தேயும். சரிசெய்து ஆயிலை மாற்றும் வரை வண்டியை எடுக்கக் கூடாது.

எந்த சிலிண்டர் வேலை செய்யவில்லை?

வாடை எதுவும் இல்லை என்றால், இன்ஜினை ஸ்லோவில் ஓட விடுங்கள். ரப்பர் கைப்பிடி உள்ள குறடால் பிளக் வயரை ஒவ்வொன்றாகச் சில நொடி மட்டும் கழற்றி மாட்ட வேண்டும்.

* வயரைக் கழற்றியதும் இன்ஜின் இன்னும் மோசமாகக் குலுங்கினால், அந்த சிலிண்டர் நன்றாக இருக்கிறது.
* கழற்றியும் சத்தத்தில் மாற்றமே இல்லை என்றால், படுத்திருப்பது அந்த சிலிண்டர்தான்.

இப்போது இன்ஜினை நிறுத்தி, அந்த சிலிண்டரின் பிளக்கை நல்ல சிலிண்டருக்கு மாற்றிப் போடுங்கள். கோளாறும் கூடவே இடம் மாறினால் பிளக் போச்சு. மாறவில்லை என்றால் வயர், டிஸ்ட்ரிபியூட்டர் மூடி என்று தேடலாம். (எலக்ட்ரானிக் இக்னிஷன் உள்ள புதிய கார்களில் இந்த வயர் சோதனையைச் செய்யவே கூடாது.)

கழற்றிய பிளக்கின் நிறமும் சேதி சொல்லும். இளம்பழுப்பு என்றால் நல்லது. கரிப்பிடித்திருந்தால் பெட்ரோல் அதிகம். எண்ணெய்ப் பசை இருந்தால் ஆயில் உள்ளே வருகிறது. வெளுத்துப்போயிருந்தால் பெட்ரோல் குறைவு.

குமரிக்கு ஏன் இது கூடுதல் தலைவலி?

கன்னியாகுமரி மாவட்டத்துக்குத் தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு பருவமழையும் உண்டு. குளச்சல், முட்டம் பக்கம் உப்புக்காற்று வேறு. இரண்டுமே பழைய மின்பாகங்களுக்கு ஆகாது.

டிஸ்ட்ரிபியூட்டர் மூடியில் மயிரிழை போல விரிசல் இருந்தால், ஈரம் படும்போது தீப்பொறி பிளக்குக்குப் போகாமல் அந்த வழியே ஓடிவிடும். வெயிலில் நல்லா ஓடும் வண்டி மழையில் மட்டும் மிஸ்ஸிங் அடித்தால் சந்தேகம் இங்கேதான். இரவில், விளக்கை அணைத்துவிட்டு, ஓடும் இன்ஜினைத் தள்ளி நின்று பாருங்கள். வயரில் நீலப்பொறி தாவினால் இருட்டில் தெரிந்துவிடும். இன்ஜினையும் பாடியையும் இணைக்கும் எர்த் பட்டையில் துரு இருந்தாலும் கோளாறு வரும்.

அடுத்தது பாயிண்ட். இந்த இன்ஜினில் பாயிண்ட் இடைவெளி 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர், பிளக் இடைவெளி சுமார் 0.6 மில்லிமீட்டர். ஃபீலர் கேஜ் வைத்துத்தான் பார்க்க வேண்டும், கண் அளவு வேண்டாம். பாயிண்ட் இடைவெளி மாறினால் டைமிங்கும் மாறும். அதனால் முதலில் பாயிண்ட், பிறகு டைமிங், கடைசியில்தான் கார்புரேட்டர். இந்த வரிசையைத் தலைகீழாகச் செய்தால் மறுபடியும் முதலில் இருந்து தொடங்க வேண்டியதுதான்.

சோக் சொல்லும் ரகசியம்

தீப்பொறி சரி, ஆனாலும் திணறுகிறதா? சூடான இன்ஜின் ஓடும்போது சோக்கைக் கொஞ்சமாக இழுத்துப் பாருங்கள். ஓட்டம் சீரானால் பெட்ரோல் போதவில்லை என்று அர்த்தம். ஜெட் அடைத்திருக்கலாம், கேஸ்கெட் வழியாகக் காற்று நுழையலாம். மாறாக, ஓட்டம் கெட்டுக் கரும்புகை வந்தால் பெட்ரோல் அதிகம். ஃப்ளோட்டையும் ஏர் ஃபில்டரையும் பார்க்கலாம்.

எத்தனால் பெட்ரோலும் ஒரு காரணமா?

ஆம், பழைய வண்டிகளில் அதற்கும் பங்கு உண்டு. 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20 பெட்ரோல் 2023 பிப்ரவரியில் அறிமுகமானது. 2030-க்கு வைத்த இலக்கு 2025-க்கு முன்னுக்கு வந்து எட்டப்பட்டது. எத்தனால் இல்லாத பெட்ரோலும் கிடைக்க வேண்டும் என்ற பொதுநல மனுவை உச்ச நீதிமன்றம் 2025 செப்டம்பர் 1-ல் தள்ளுபடி செய்தது.

எத்தனாலுக்குள்ளேயே ஆக்சிஜன் இருக்கிறது. புதிய கார்களின் கம்ப்யூட்டர் அதற்கேற்ப பெட்ரோலைக் கூட்டிக்கொள்ளும். பழைய கார்புரேட்டருக்கு அது தெரியாது. எனவே கலவை மெலிந்து, இழுவை குறைந்து, சூடு ஏறும். நீண்ட நாள் அப்படியே ஓட்டினால் வால்வு கருகவும் வாய்ப்புண்டு. மிக்சர் திருகு ஸ்லோ ஓட்டத்துக்கு மட்டும்தான். சாலையில் ஓடும்போது திணறினால் மெயின் ஜெட்டை ஒரு அளவு பெரிதாக்க வேண்டியிருக்கும்.

பழைய ரப்பரையும் எத்தனால் இளக்கும். சில பழைய வாகனங்களில் ரப்பர் பாகங்களையும் கேஸ்கெட்டையும் முன்னதாகவே மாற்ற வேண்டி வரலாம் என்பதை மத்திய பெட்ரோலிய அமைச்சகமே சொல்லியிருக்கிறது. எத்தனால் தாங்கும் ஹோஸுக்கு மாறுவது செலவு குறைந்த பாதுகாப்பு.

மாசக்கணக்கில் நிற்கும் வண்டியா?

வீட்டுக்காரர் வெளிநாட்டில், வண்டி ஷெட்டில். குமரியில் இது சாதாரணம். எத்தனால் காற்றின் ஈரத்தை உறிஞ்சும். நீர் அளவுக்கு மீறினால் எத்தனாலும் நீரும் சேர்ந்து பிரிந்து, டேங்கின் அடியில் தங்கிவிடும். இன்ஜினுக்கு முதலில் போவதும் அந்த அடித்தண்ணிதான்.

திறந்த வெளியில், நெருப்பு எதுவும் அருகில் இல்லாமல், டேங்க் அடியிலிருந்து கொஞ்சம் பெட்ரோலைக் கண்ணாடிப் பாட்டிலில் பிடித்து அரை மணி நேரம் வையுங்கள். இரண்டு அடுக்காகப் பிரிந்தால் டேங்கை முழுதாக வடிப்பது ஒன்றே வழி.

இன்ஜினை எப்போது இறக்க வேண்டும்?

இத்தனைக்குப் பிறகும் சரியாகவில்லை என்றால் கம்ப்ரஷன் சோதனை. நான்கு சிலிண்டரும் ஏறக்குறைய ஒரே அளவு காட்ட வேண்டும். ஒன்று குறைந்தால், பிளக் துளை வழியாக ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி பாருங்கள். அளவு ஏறினால் ரிங் தேய்மானம். ஏறவில்லை என்றால் வால்வு அல்லது ஹெட் கேஸ்கெட். பக்கத்துப் பக்கத்து சிலிண்டர் இரண்டும் சேர்ந்து குறைந்தால் ஹெட் கேஸ்கெட் மீதுதான் முதல் சந்தேகம். அப்போதும் பல நேரம் ஹெட்டைக் கழற்றினால் போதும். ரிங் தேய்மானம் என்று தெரிந்த பிறகே முழு இன்ஜின் வேலை.

“இன்ஜின் போச்சு” என்று யாராவது சொன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: கம்ப்ரஷன் எவ்வளவு காட்டியது? அந்த நான்கு எண்களைக் கேட்டு வாங்காமல் இன்ஜினைப் பிரிக்கச் சம்மதிக்காதீர்கள்.