மூன்றாம் நாள் எறும்புகள்

கால் எலும்பு முறிந்து வந்தவருக்கு ஆபரேஷன் நல்லபடியாக முடிகிறது. இரண்டு நாள் பெரிய தொல்லை இல்லை. மூன்றாம் நாள் இரவு போர்வையில் எறும்பு ஊர்கிறது என்று தட்டிவிட ஆரம்பிக்கிறார். கை நடுங்குகிறது, வியர்த்துக் கொட்டுகிறது. ட்ரிப்ஸைப் பிடுங்கிப் போட்டுவிட்டு வேலைக்கு நேரமாச்சு என்று கட்டிலைவிட்டு இறங்கப் பார்க்கிறார். மயக்க மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்கிறார் மச்சான். காத்து கருப்பு என்கிறார் அத்தை. வார்டு நர்சுக்கு மட்டும் சந்தேகம் வேறு. சேரும்போது 'குடிப்பீங்களா?' என்று கேட்டதற்கு அவர் சொன்ன பதில், 'எப்பவாவது.'

இந்தப் பிதற்றலுக்கு டெலிரியம் ட்ரெமன்ஸ் என்று 1813இல் பெயர் வைத்தவர் ஆங்கிலேய மருத்துவர் தாமஸ் சட்டன். குடியின் நஞ்சா, சாப்பாடு இல்லாத குறையா என்ற குழப்பம் அதன்பின் நூறாண்டுக்கும் மேல் நீடித்தது. 1955இல் வெளியான ஆய்வில், அமெரிக்காவின் லெக்சிங்டனில் ஹாரிஸ் இஸ்பெல் குழுவினர் சிலருக்கு நல்ல சாப்பாடும் வைட்டமினும் கொடுத்து, வாரக்கணக்கில் மதுவும் கொடுத்து, பிறகு சட்டென்று நிறுத்திப் பார்த்தார்கள். நடுக்கம், வலிப்பு, பிதற்றல் எல்லாம் வரிசையாக வந்தன. குடித்ததால் அல்ல, குடி நின்றதால் வந்தவை. (இப்படியோர் ஆய்வை இன்று எந்த நெறிமுறைக் குழுவும் அனுமதிக்காது, அனுமதிக்கவும் கூடாது.)

மூளையில் காபா என்ற வேதிப்பொருள் நரம்புகளை அடக்கும், குளூட்டமேட் உசுப்பும். இருவரும் எந்நேரமும் வடம் இழுத்துக்கொண்டே இருக்கிறார்கள். மது காபா பக்கம் சேர்ந்து இழுக்கிறது. தினமும் இது நடந்தால் மூளை சும்மா இருக்காது. குளூட்டமேட் பக்கம் ஆள் சேர்த்துச் சமப்படுத்திவிடும். அதனால்தான் பழகியவர் குடித்துவிட்டும் நிதானமாக நடப்பார். ஒருநாள் மது கயிற்றைக் கைவிட்டுப் போனால், சேர்த்த ஆட்கள் மட்டும் அங்கேயே நிற்பார்கள். கடைசி மடக்குக்குப் பின் ஆறேழு மணி நேரத்தில் நடுக்கம், பெரும்பாலும் இரண்டு நாளுக்குள் வலிப்பு, இரண்டு மூன்று நாளில் எறும்புகள். கவனிக்காமல் விட்டால் உயிரே போகலாம். தினமும் நிறையக் குடிப்பவர் வைராக்கியத்தில் வீட்டிலேயே சட்டென்று நிறுத்துவதும் இதே காரணத்தால்தான் ஆபத்து.

இன்னொரு வம்பு தயமின். இந்த வைட்டமின் உடம்பில் இருப்பதே சுமார் 30 மில்லிகிராம்தான். குடி அதை உறிஞ்சவும் விடாது, சேர்த்துவைக்கவும் விடாது. குளுக்கோஸை எரிக்கத் தயமின் வேண்டும். அது வற்றிப்போனவருக்கு வெறும் குளுக்கோஸ் ட்ரிப்ஸ் ஏற்றினால், மிச்சமிருப்பதும் செலவாகி மூளை அடிபடலாம். இந்தப் பாதிப்பை 1881இல் கார்ல் வெர்னிக் விவரித்த மூன்று பேரில் இருவர் குடிப்பவர்கள். மூன்றாமவர் கந்தக அமிலம் குடித்துவிட்டு வாந்தியெடுத்தே வாடிய இளம் பெண். முன்கூட்டியே தெரிந்தால் தயமின் ஊசி போட்டுத் தடுக்கலாம்; நடுக்கத்துக்கும் மாத்திரை கொடுத்துப் படிப்படியாகக் குறைக்கலாம்.

ஆகவே டாக்டருக்கு வேண்டியது ஒழுக்கச் சான்றிதழ் அல்ல, அளவு. நம் ஊர் குவார்ட்டர் 180 மில்லி, 42.8 சதவீதம். கணக்குப் போட்டால் சுமார் 60 கிராம் ஆல்கஹால். உலக அளவில் ஒரு 'டிரிங்க்' என்பது பெரும்பாலும் 10 கிராம். 'ஒரே ஒரு குவார்ட்டர்தான்' என்பவர் ஆறு டிரிங்க் குடித்திருக்கிறார். அதை எரித்து முடிக்கவே ஈரலுக்கு ஆறு முதல் எட்டு மணி நேரம் பிடிக்கும்.

ஜான் யூவிங் 1984இல் வெளியிட்ட நான்கு கேள்விகள் இன்றும் புழக்கத்தில் உள்ளன. குறைக்கணும்னு நினைச்சதுண்டா, யாராவது சொன்னா எரிச்சல் வருதா, குற்ற உணர்ச்சி இருக்கா, காலையில் கை நடுக்கம் நிற்க ஒரு கட்டிங் தேவைப்படுதா? என் கணக்கில் கடைசிக் கேள்விக்குத்தான் எடை அதிகம். ஆனால் மாமனாரும் பிள்ளைகளும் சுற்றி நிற்கும்போது கேட்டால் பதில் 'எப்பவாவது'தான். உறவினரை வெளியே அனுப்பிவிட்டு, 'ஒரு நாளைக்கு எவ்வளவு? கடைசியா எப்போ?' என்று கேட்பவருக்கு உண்மை கிடைக்க வாய்ப்பு அதிகம்.

மறைத்தாலும் ரத்தத்தில் தடம் இருக்கும். மது இருந்தால் மட்டுமே உருவாகும் பாஸ்பாட்டிடைல் எத்தனால், சிவப்பணுச் சவ்வில் இரண்டு மூன்று வாரம் தங்கிவிடுகிறது. ஆனால் அந்தச் சோதனை எல்லா ஊரிலும் கிடையாது. முடிவு வர நாளும் ஆகும். மூன்றாம் நாள் இரவு அதற்குள் வந்துவிடும்.