திட்ட மேலாளர்களுக்கான நிலைத்தன்மைத் திறன் பயிற்சி

திட்ட மேலாளர்களுக்கான நிலைத்தன்மைத் திறன் பயிற்சி என்பது, ஒரு திட்டத்தை முன்னின்று நடத்துபவர் அத்திட்டம் சுற்றுச்சூழலிலும் மக்கள் வாழ்விலும் ஏற்படுத்தும் நீண்டகால விளைவுகளைக் கணித்து, தம் அன்றாட முடிவுகளில் சேர்த்துக்கொள்ளக் கற்றுத்தரும் தொழிற்பயிற்சி ஆகும். இதன் பாடங்களை வல்லுநர் ஒருவர் தனியே எழுதுவதும் உண்டு. திட்டத்தோடு தொடர்புடைய பல தரப்பினரும் கூடி உருவாக்குவதும் உண்டு. இக்கட்டுரை இரண்டாவது முறையை விளக்குகிறது. லண்டன் 2012 ஒலிம்பிக் கட்டுமானமும், அதையொட்டி பிரித்தானியாவில் தோன்றிய பயிற்சி ஏற்பாடுகளும் இதற்கு நன்கு ஆவணப்படுத்தப்பட்ட எடுத்துக்காட்டுகள்.

தரப்பினர் என்ற சொல்

ஒரு திட்டத்தால் பாதிக்கப்படும் அல்லது அதைப் பாதிக்கக்கூடிய எவரும் அதன் தொடர்புடைய தரப்பினர் ஆவர். இக்கருத்தை மேலாண்மைத் துறையில் பரவச் செய்தது எட்வர்ட் ஃப்ரீமன் 1984-இல் வெளியிட்ட நூல். தமிழில் இதைப் 'பங்குதாரர்' என்று எழுதும் வழக்கம் உள்ளது. அச்சொல் நிறுவனத்தில் பங்கு வைத்திருப்பவரையும் குறிப்பதால் குழப்பம் நேர்கிறது. முதலீடு ஏதும் செய்யாத, ஆனால் வீட்டையோ வயலையோ இழக்கப்போகிறவரும் இங்கே ஒரு தரப்பினர்தான். பார்க்கப்போனால் அவரே முதன்மையானவர்.

பயிற்சியின் தேவை

திட்ட மேலாண்மை நெடுங்காலமாகக் காலம், செலவு, பணியின் வரம்பு ஆகிய மூன்றாலும் மதிப்பிடப்பட்டு வந்துள்ளது. இம்மூன்றையும் ஒப்படைப்பு நாளன்றே அளந்துவிடலாம். ஆனால் ஒரு கட்டடம் எவ்வளவு மின்சாரம் இழுக்கிறது, அதன் வடிகால் எந்தத் தெருவை மூழ்கடிக்கிறது என்பன அதன் பிறகு பல பத்தாண்டுகளுக்குத் தொடர்பவை. அப்போது அந்த மேலாளர் வேறொரு திட்டத்தில் இருப்பார்.

இந்த இடைவெளியை நிரப்பப் பல சட்டகங்கள் வந்துள்ளன. திட்ட மேலாண்மை நிறுவனமான பி.எம்.ஐ.யின் வழிகாட்டி நூல், 2021 பதிப்பில், பொறுப்புடன் பேணுதலைத் தன் 12 கோட்பாடுகளுள் ஒன்றாக வைத்தது. ஐரோப்பிய ஆணையம் 2022-இல் வெளியிட்ட 'கிரீன்காம்ப்' சட்டகம் நிலைத்தன்மைக்கான 12 திறன்களை 4 பிரிவுகளாக வகுத்தது. இவை ஒருவருக்கு என்ன தெரிந்திருக்க வேண்டும் என்பதைச் சொல்கின்றன. நாளைக் காலை பணித்தளத்தில் எதைச் செய்வது என்பதைச் சொல்வதில்லை.

கான்கிரீட்டை எடுத்துக்கொள்வோம். உலகின் கார்பன் டை ஆக்சைடு உமிழ்வில் ஏறத்தாழ 7 முதல் 8 விழுக்காடு சிமென்ட் உற்பத்தியிலிருந்து வருகிறது. சிமென்ட்டின் ஒரு பகுதிக்குப் பதிலாக இரும்பு உலைக்கசடோ நிலக்கரிச் சாம்பலோ கலந்தால் அது குறையும். இதுவரை எந்தப் பாடநூலிலும் கிடைக்கும். ஆனால் அவ்வாறு கலந்த கான்கிரீட் தொடக்க நாட்களில் மெதுவாகவே வலுப்பெறும். குளிர்காலத்தில் இன்னும் மெதுவாக. எனவே சென்ட்ரிங் பலகைகளைப் பிரிக்கக் கூடுதல் நாட்கள் காத்திருக்க வேண்டும், அடுத்த தளத்தின் வேலையும் தள்ளிப்போகும். எத்தனை நாள் தாமதமாகும் என்பது கலவை ஆலையை நடத்துபவருக்குத் தெரியும். எவ்வளவு வலு வந்தால் பலகையைப் பிரிக்கலாம் என்பது கட்டமைப்புப் பொறியாளருக்குத் தெரியும். அத்தனை நாளுக்கும் பலகை வாடகை என்ன ஆகும் என்பது சென்ட்ரிங் ஒப்பந்தக்காரருக்குத் தெரியும். மூவரையும் தொடக்கத்திலேயே கேட்ட மேலாளர் அந்த நாட்களைக் கால அட்டவணையில் சேர்த்துவிடுவார். கேட்காதவர் பாதி வேலையில் நெருக்கடி வந்ததும் வழக்கமான கலவைக்கே திரும்பிவிடுவார். பயிற்சிப் பாடத்தை எழுதும் மேசையிலும் இம்மூவரும் இருக்க வேண்டும் என்பதற்கான காரணம் இதுவே.

லண்டன் 2012

2005-இல் ஒலிம்பிக் போட்டியை நடத்தும் உரிமை லண்டனுக்குக் கிடைத்தது. உலக இயற்கை நிதியமும் 'பயோரீஜனல்' என்ற சுற்றுச்சூழல் அமைப்பும் விண்ணப்பக் கட்டத்திலேயே நிலைத்தன்மைத் திட்டத்தை வகுப்பதில் பங்கேற்றிருந்தன. பூங்கா அமையவிருந்த கிழக்கு லண்டனின் லீ ஆற்றுப் பள்ளத்தாக்கு, நெடுங்காலத் தொழிற்சாலைக் கழிவுகளால் மாசுபட்ட நிலம். அங்கே சுமார் 20 லட்சம் டன் மண் தூய்மைப்படுத்தப்பட்டு, அதில் பெரும்பகுதி அங்கேயே மறுபடி பயன்படுத்தப்பட்டது. இடிபாடுகளில் 90 விழுக்காட்டை மறுபயன்பாட்டுக்கோ மறுசுழற்சிக்கோ அனுப்புவது இலக்கு, அது தாண்டப்பட்டது. கட்டுமானப் பொருட்களில் எடையளவில் பாதியை ரயிலிலோ நீர்வழியிலோ கொண்டுவருவது என்ற இலக்கும் எட்டப்பட்டது. இத்தகைய இலக்குகள் எண்களாக வைக்கப்பட்டதால், அவற்றை எட்டுவது திட்ட மேலாளர்களின் நேரடிப் பொறுப்பாயிற்று.

கட்டுமானத்துக்குப் பொறுப்பான ஒலிம்பிக் பணி நிறைவேற்று ஆணையம், தான் கற்றவற்றை 2011 முதல் பொதுவெளியில் வெளியிடத் தொடங்கியது. பணியை நேரில் செய்த பொறியாளர்கள், ஒப்பந்தக்காரர்கள், ஆய்வாளர்கள் ஆகியோர் எழுதிய தொகுப்பு அது. பின்னர் லண்டனின் கிராஸ்ரெயில் சுரங்க ரயில் திட்டமும் இதே வழியைப் பின்பற்றியது. அத்திட்டத்தில் தோண்டிய மண்ணில் 30 லட்சம் டன்னுக்கு மேல் எசெக்ஸ் கடலோரத்திலுள்ள வாலசீ தீவுக்குக் கொண்டுசெல்லப்பட்டு, பறவைப் பாதுகாப்புக் கழகம் ஒன்றின் சதுப்புநிலமாக மாற்றப்பட்டது. தோண்டுபவருக்குக் கழிவாக இருந்தது பறவைக் கழகத்துக்கு மூலப்பொருளாயிற்று. இருவரும் ஒரே அறையில் பேசாமல் இப்படியொரு பாடம் கிடைத்திருக்காது.

பொதுப் பள்ளி

2012-இல் பிரித்தானியக் கட்டுமான நிறுவனங்கள் சில சேர்ந்து விநியோகச் சங்கிலி நிலைத்தன்மைப் பள்ளி என்ற அமைப்பைத் தொடங்கின. ஒலிம்பிக் பணிகளைச் சுயேச்சையாகக் கண்காணித்த ஆணையத்தின் தலைவராக இருந்த ஷான் மெக்கார்த்தி இதற்கும் தலைமை வகித்தார். கற்பவர் முதலில் தம் அறிவைத் தாமே மதிப்பிட்டுக்கொள்கிறார். குறைகளுக்கேற்ப ஒரு செயல்திட்டமும் பாடங்களும் கிடைக்கின்றன. செலவைப் பெரிய நிறுவனங்கள் பகிர்ந்துகொள்வதால் சிறு விநியோகஸ்தர்களுக்குப் பயிற்சி இலவசம்.

இதில் தாராள மனத்தைவிட வணிகக் கணக்கே கூடுதல் எனலாம். ஒரே செங்கல் வியாபாரி ஐந்து பெரிய நிறுவனங்களுக்குச் சரக்கு தருகிறார். ஐந்தும் தனித்தனிப் படிவமும் தனித்தனிப் பயிற்சியும் கேட்டால் அவர் எதையும் உருப்படியாகக் கற்கமாட்டார். போட்டியாளர்கள் பாடத்தைப் பொதுவாக்கிக்கொண்டது இதனாலேயே.

பாடம் உருவாகும் விதம்

கூட்டுமுறையில் பாடத்தின் அலகு தலைப்பு அன்று, முடிவு. 'கழிவு மேலாண்மை' என்று தொடங்காமல், 'ஒப்பந்தப்புள்ளியில் விலைக்கு எத்தனை மதிப்பெண், சூழல் திறனுக்கு எத்தனை?' என்று தொடங்குவர். அந்த முடிவை எடுப்பவர், செயல்படுத்துபவர், அதன் விளைவை அனுபவிப்பவர் ஆகியோரிடம் உண்மை நிகழ்வுகள் திரட்டப்படும். அவை பயிற்சிச் சூழல்களாக எழுதப்பட்டு, நடந்துகொண்டிருக்கும் ஒரு திட்டத்தில் சோதிக்கப்பட்டுத் திருத்தப்படும். கணக்கர்களையும் கொள்முதல் அலுவலர்களையும் அழைக்க மறப்பது வழக்கமான குறை. பல நல்ல யோசனைகள் நின்றுபோவது அவர்களின் மேசையில்தான்.

விடுபடும் தரப்பு

லண்டன் எடுத்துக்காட்டுக்கு மறுபக்கமும் உண்டு. பூங்காவுக்காக கிளேஸ் லேன் என்ற கூட்டுறவுக் குடியிருப்பு இடிக்கப்பட்டு, 400-க்கும் மேற்பட்டோர் வெளியேறினர். பகுதிவாசிகள் காய்கறி பயிரிட்டு வந்த மேனர் கார்டன் தோட்டங்கள் 2007-இல் வேறிடத்துக்கு மாற்றப்பட்டன. மண் கழுவியதையும் ரயிலில் பொருள் வந்ததையும் எண்களில் காட்டலாம். தலைமுறையாகப் பண்படுத்திய தோட்டத்தை இழந்ததை அப்படிக் காட்ட இயலாது. ஆகவே அது பயிற்சி ஏடுகளில் சிறிய இடத்தையே பெறுகிறது.

ஒப்பந்தக்காரரும் ஆலோசகரும் பயிலரங்குக்கு ஊதியத்தோடு வருகின்றனர். குடியிருப்பாளர் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வர வேண்டும். பாடம் எழுதும் குழு அவரது நேரத்துக்கும் பயணத்துக்கும் பணம் ஒதுக்கியிருக்கிறதா, வரைவு முடிவதற்கு முன்பே அவரை அழைத்திருக்கிறதா என்ற இரண்டு கேள்விகளுக்கான விடையைக் கொண்டு, ஒரு பயிற்சித் திட்டம் எந்த அளவுக்குக் கூட்டாக உருவானது என்பதை மதிப்பிடலாம்.