மன்னித்த பிறகு வந்த காலைகள்

கிறிஸ்தவர்கள் சொல்லும் ‘புது வாழ்வு’, ஈஸ்டர் பிரசங்கத்தில் எளிது. திங்கட்கிழமை காலையில்தான் சிக்கல். 1999 ஜனவரி 22 நள்ளிரவில் ஒடிசாவின் மனோகர்பூர் கிராமத்தில், வண்டிக்குள் உறங்கிய ஆஸ்திரேலிய மிஷனரி கிரஹாம் ஸ்டெயின்ஸையும் இரு மகன்களையும் ஒரு கும்பல் உயிரோடு கொளுத்தியது.

கொலையாளிகளை மன்னிப்பதாக அறிவித்தார் மனைவி கிளாடிஸ். சவ அடக்கத்தில் மகள் எஸ்தருடன், கிறிஸ்து உயிர்த்தெழுந்ததைச் சொல்லும் பாடலைப் பாடினார். நாடு வியந்தது இதற்குத்தான். ஆனால், அதைவிடக் கடினமானது அடுத்து வந்தது. அவர் மூட்டை கட்டவில்லை. கணவர் 1965 முதல் உழைத்த பாரிபதாவிலேயே தங்கி, தொழுநோயாளர் இல்லத்தை ஐந்தாண்டுகள் நடத்தினார். மன்னிப்பு வேறு, சட்டத்தின் தண்டனை வேறு என்பதிலும் தெளிவாக இருந்தார். (குற்றவாளி தாரா சிங்கின் ஆயுள் தண்டனையை 2011ல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது.)

கிளாடிஸ் ஆஸ்திரேலியா திரும்பியது 2004ல். பத்மஸ்ரீ வந்தது மறு ஆண்டு.