கைமாறும் வாக்கு: மலேசியத் தமிழ் வாக்காளரும் கட்சிகள் மாறிய விதமும்

முன்னுரை

வாக்காளர் ஓர் அரசியல் கட்சியை மாறச் செய்வதற்கு இரு வழிகள் உண்டு. கட்சியின் ஆதரவாளராக இருந்துகொண்டே குறைகளை எடுத்துரைப்பது ஒன்று. ஆதரவை விலக்கி வேறு கட்சிக்கு வாக்களிப்பது மற்றொன்று. நாடு விடுதலை பெற்ற 1957 முதல் அரை நூற்றாண்டுக் காலம் மலேசியத் தமிழர் பெரும்பாலும் முதல் வழியையே நம்பினர். 2008ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலில் இரண்டாம் வழியை மேற்கொண்டனர். அதனால் எவை மாறின, எவை மாறாது நின்றன என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

எண்ணிக்கையும் பேரமும்

மலேசிய மக்கள்தொகையில் இந்திய வம்சாவளியினர் ஏறத்தாழ 7 விழுக்காட்டினர். அவர்களுள் பெரும்பான்மையோர் தமிழர். தோட்டப்புறங்களிலும், தோட்டங்களை விட்டுப் பெயர்ந்தபின் அமைந்த நகர்ப்புறக் குடியிருப்புகளிலும் அவர்கள் சிதறி வாழ்கின்றனர். அவர்கள் பெரும்பான்மையாக உள்ள நாடாளுமன்றத் தொகுதி ஒன்றுகூட இல்லை.

1946இல் தோன்றிய மலேசிய இந்தியர் காங்கிரஸ் (மஇகா), தேசிய முன்னணியின் உறுப்புக் கட்சியாகத் தனக்கு ஒதுக்கப்பட்ட தொகுதிகளிலேயே போட்டியிட்டு வந்தது. அத்தொகுதிகளில் வெற்றிக்குப் பெருந்துணையாக நின்றவை அம்னோவின் தேர்தல் இயந்திரமும் மலாய் வாக்குகளும் ஆகும். ஆகவே தமிழர் மனக்குறை கொண்டாலும் மஇகா தலைமைக்கு உடனடி இழப்பு நேரவில்லை. 2004இல் அக்கட்சி போட்டியிட்ட 9 நாடாளுமன்றத் தொகுதிகளிலும் வென்றது. தமிழரின் வாக்கு எங்கும் போகாது என்ற எண்ணம் ஆளுங்கூட்டணியில் வேரூன்றியது. கேளாமலே கிடைக்கும் வாக்குக்கு விலை பேச எவரும் முன்வருவதில்லை.

2007, 2008

2007 அக்டோபர் இறுதியில், தீபாவளிக்குச் சில நாள்களே இருந்த வேளையில், ஷா ஆலம் பாடாங் ஜாவாவில் மாரியம்மன் ஆலயம் இடிக்கப்பட்டது. நவம்பர் 25 அன்று இண்ட்ராப் இயக்கத்தின் அழைப்பை ஏற்றுப் பல்லாயிரவர் கோலாலம்பூரில் திரண்டனர். கண்ணீர்ப்புகையாலும் நீர்ப் பீய்ச்சலாலும் கூட்டம் கலைக்கப்பட்டது. டிசம்பரில் அவ்வியக்கத்தின் தலைவர் ஐவர் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ்த் தடுத்துவைக்கப்பட்டனர். மறு மாதமே கோலாலம்பூரிலும் புத்ராஜெயாவிலும் தைப்பூசம் பொது விடுமுறையாக அறிவிக்கப்பட்டது. நெடுங்காலக் கோரிக்கை ஒன்று, தேர்தல் நெருங்கியபோது, வாக்குச்சீட்டு அச்சாகும் முன்பே நிறைவேறியது. எனினும் காலம் கடந்துவிட்டிருந்தது.

2008 மார்ச் 8 அன்று மஇகாவுக்கு எஞ்சியவை 3 நாடாளுமன்றத் தொகுதிகளே. தேசிய முன்னணி மூன்றில் இரண்டு பங்கு பெரும்பான்மையை இழந்தது. கமுந்திங் தடுப்பு முகாமில் இருந்தபடியே மனோகரன் கோத்தா ஆலாம் ஷா சட்டமன்றத் தொகுதியில் வென்றார். சுங்கை சிப்புட்டில் 1974 முதல் எட்டுத் தேர்தல்களில் தொடர்ந்து வென்ற மஇகா தேசியத் தலைவர் சாமிவேலு, மருத்துவர் ஜெயக்குமார் தேவராஜிடம் 1,821 வாக்குகளில் தோற்றார்.

ஜெயக்குமார் திடீரென வந்தவர் அல்லர். 1999, 2004 தேர்தல்களில் அதே தொகுதியில் தோற்றவர். தோட்டத் தொழிலாளரின் வீட்டுரிமை, ஊதியச் சிக்கல்களில் ஆண்டுக்கணக்காக உடன் நின்றவர். சினம் மட்டும் இருந்து, அதைத் தாங்கும் நம்பகமான மாற்று வேட்பாளர் இல்லாதிருந்தால், பலர் வாக்களிக்காமல் வீட்டில் இருந்திருக்கவே கூடும். இந்த வெற்றியைப் பேசுவோர் அவ்விரு தோல்விகளையும் சேர்த்துப் பேசுவது அரிது.

கட்சிகள் மாறிய விதம்

வாக்காளரின் அழுத்தம் முதலில் தென்பட்டது வேட்பாளர் தேர்வில்தான். உலு சிலாங்கூரில் 2008இல் மஇகா துணைத் தலைவர் பழனிவேல் 198 வாக்குகளில் தோற்றிருந்தார். 2010 ஏப்ரலில் அங்கே இடைத்தேர்தல் வந்தபோது, கூட்டணித் தலைமை அவரை மீண்டும் நிறுத்தாமல் புதுமுகமான கமலநாதனை நிறுத்தியது. அவர் 1,725 வாக்குகளில் வென்றார். அவ்வாண்டு டிசம்பரில், 1979 முதல் கட்சியை வழிநடத்திய சாமிவேலு பதவி விலகினார். 2012இல் தமிழ்ப்பள்ளி மேம்பாட்டுக்கெனப் பிரதமர் துறையில் தனித்திட்டம் அமைந்தது. எதிரணியும் வாளாவிருக்கவில்லை; பேராசிரியர் பி. இராமசாமி பினாங்கின் இரண்டாம் துணை முதலமைச்சர் ஆனார்.

ஆயினும் கட்சிகளுக்கு வாக்காளரைச் சுற்றிச் செல்லும் பாதைகளும் உண்டு. 198 வாக்குகளில் தோற்ற பழனிவேல் நியமன உறுப்பினராக மேலவைக்குச் சென்றார். அதன்வழி துணையமைச்சராகவும் பின்னர் அமைச்சராகவும் ஆனார். கட்சியின் அடுத்த தலைவரும் அவரே. கட்சித் தலைவரைத் தேர்ந்தெடுப்போர் கிளை உறுப்பினரும் பேராளரும் ஆவர், பொது வாக்காளர் அல்லர். தொகுதியில் யார் நிற்பது என்பதை வாக்காளர் அசைக்க முடிந்தது. கட்சிக்குள் அதிகாரம் எவ்வாறு பகிரப்படுகிறது என்பதை அசைக்க முடியவில்லை.

மீண்டும் உறுதியான வாக்கு

2018இல் ஆட்சியே மாறியது. மஇகா 2 நாடாளுமன்றத் தொகுதிகளுக்குச் சுருங்கியது. அதே தேர்தலில் சுங்கை சிப்புட்டில் தம் சோசலிசக் கட்சியின் சொந்தச் சின்னத்தில் நின்ற ஜெயக்குமார், நம்பிக்கைக் கூட்டணி வேட்பாளரிடம் தோற்றார். 2008இல் அவர் வென்றது மக்கள் நீதிக் கட்சியின் சின்னத்தில். அங்கு வாக்குகள் பணி செய்த ஆளிடம் நிற்காமல் கூட்டணிச் சின்னத்தோடு போயின எனலாம். அவ்வாறாயின், தமிழரின் வாக்கு எங்கும் போகாது என்ற பழைய எண்ணம் புதிய கூட்டணியிடம் இடம்பெயர்ந்ததேயன்றி மறையவில்லை. மஇகா பெற்ற பாடம் அதனை வென்ற கட்சிகளுக்கும் உரியதே.

பட்டியலுக்கு வெளியே

இவையெல்லாம் வாக்குரிமை உடையோர்க்கே பொருந்தும். முன்னர் 21 வயது நிறைந்தவர் தாமே விண்ணப்பித்தால்தான் வாக்காளர் ஆக முடியும். 2019இல் நிறைவேறிய அரசமைப்புத் திருத்தம் 2021 டிசம்பரில் நடைமுறைக்கு வந்தபின், 18 வயது நிறைந்த குடிமக்கள் தாமாகவே பட்டியலில் சேர்கின்றனர். ஆனால் அப்பட்டியல் குடிமக்கள் பதிவிலிருந்தே உருவாகிறது. தோட்டத்தில் பிறந்து பிறப்புப் பத்திரம் எடுக்கப்படாதவர்கள், பெற்றோரின் திருமணம் பதியப்படாததால் குடியுரிமை சிக்கலானவர்கள், முதுமையிலும் நிரந்தரவாசிக்குரிய சிவப்பு அடையாள அட்டையோடு இருப்பவர்கள் ஆகியோர் பெயர் அதில் வருவதில்லை. அவர்களுடைய சிக்கலை ஒவ்வொரு பொதுத் தேர்தலிலும் எல்லாக் கட்சிகளின் மேடைகளும் பேசுகின்றன. ஆனால் அதைத் தீர்க்கத் தவறும் கட்சிக்கு எதிராக அவர்களால் வாக்களிக்க இயலாது. அந்த வாக்கை அவர்களுக்காக அளிக்கக்கூடியவர்கள், அதே குடும்பத்தில் நீல அட்டை வைத்திருக்கும் மகனும் மகளும் உறவினருமே.